தண்டைப் பிடித்த கை

பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்கிறவனுக்குப் பொறாமை வருவதென்றால், எதிர்த் தெருவில் புது இயந்திரம் வாங்கியவன் மேல் வரலாம். இவனுக்கு வந்ததோ ஒரு புல் தண்டைப் பிடித்திருந்த கையின் மேல். அந்தக் கை யாருடையது என்பதுகூடத் தெரியாது. படத்தில் அது இல்லவே இல்லை.

படத்தை அனுப்பியவள் இவன் மனைவி. பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். விடுமுறை வந்தால் போதும், ஏரிக்கரைப் புதருக்குள் தலையைக் கொடுத்து, பூச்சிகளை மூக்கோடு மூக்கு வைத்த மாதிரிப் படமெடுப்பாள். அதைக் கேள்விப்பட்டு மலைமேல் உள்ள ஒரு பூச்சி ஆராய்ச்சி நிலையம் ஒரு வருஷ வேலைக்கு அவளைக் கூப்பிட்டது. காட்டுக்குள் போய், பூச்சி இருக்கும் இடத்திலேயே அதைப் படமெடுத்துத் தர வேண்டும். வருஷம் முடியப் போகிறது. இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், என்ன பதில் சொல்லட்டும் என்று போன வாரம் போனில் கேட்டாள். “உன் இஷ்டம்,” என்றான் இவன்.

பெருந்தன்மை என்று நினைப்பு. ‘வந்துடு’ என்ற சொல் தொண்டை வரை வந்ததை அப்படியே மென்று முழுங்கிவிட்டான். ஊரார் மெல்லுவதற்குப் பல் கட்டித் தருகிறவனுக்கு மெல்லச் சொல்லியா தர வேண்டும்?

அவள் இங்கே இருந்தவரை தண்டைப் பிடிப்பது இவன் வேலை. நெருக்கத்தில் எடுக்கும் படத்தில் பூச்சியின் கண் தெளிவாக விழுந்தால் இறக்கை மங்கிப் போகும். இம்மி அசைந்தால் இரண்டுமே போச்சு. பிளாஷ் போட்டால் காற்றைப் பற்றிக் கவலையில்லை, ஆனால் பூச்சி பிளாஸ்டிக் பொம்மையாகிவிடும் என்று அவள் அதைத் தொடவே மாட்டாள். ஆகவே இவன் ஈரத் தரையில் குந்தி, பூச்சிக்குக் கீழே தண்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்குவான். அவளும் அடக்குவாள். கிளிக் என்றதும் இருவரும் சேர்ந்து மூச்சு விடுவார்கள். கல்யாண வாழ்க்கையில் இருவரும் சண்டையில்லாமல் ஒன்றாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று அவள் கேலி பேசுவாள். பிறகு ஓரத்தில் தெரியும் இவன் விரல்களை வெட்டிவிட்டு, பூச்சியை மட்டும் வைத்துக்கொள்வாள். இவனும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

இப்போது வந்த படத்தில் நீலக்கோடு போட்ட காட்டுத் தேனீ ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. இந்த வகை, தண்டை வாயால் கவ்விக்கொண்டு அப்படியே தொங்கித் தூங்கும். ஒவ்வொரு ரோமமும் தனித்தனியாகத் தெரிந்தது. இவனுக்குப் பெருமை பொங்கியது. அடுத்த நிமிஷமே படத்தைப் பெரிதாக்கித் தண்டைப் பார்த்தான். இரண்டு நாளாக அங்கே பேய்க்காற்று, கொடியில் போட்ட துணி பறந்து போயிற்று என்று அவளேதான் சொல்லியிருந்தாள். அந்தக் காற்றில் இந்தத் தண்டு நின்றதென்றால், யாரோ பிடித்திருக்கிறார்கள். வேறு யார் பார்த்திருந்தாலும் படத்தை மெச்சிவிட்டுப் போயிருப்பார்கள். இவனால் முடியவில்லை.

அன்றைக்கு வேலை ஓடவில்லை. ஒரு பெரியவருக்குச் செய்த கீழ்வரிசையில் கடைவாய்ப்பல் இருக்க வேண்டிய இடத்தில் முன்பல்லை வைத்துவிட்டான். டாக்டரம்மா அதைக் கையில் வாங்கி, இவனையும் பல்லையும் மாறி மாறிப் பார்த்து, வீட்டில் ஏதாவது விசேஷமா என்று விசாரித்தார். இவன் பல்லைத் திருப்பி வாங்கிக்கொண்டு பின்னறைக்குள் நுழைந்தான்.

சாயங்காலம் போன் செய்தான். சாப்பாடு, குளிர், போர்வை என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு, காற்று நின்றதா என்று கேட்டான். எங்கே நின்றது என்றாள். அப்படியானால் ஓரத்தை வெட்டாத படத்தை அனுப்பு, சும்மா பார்க்கத்தான் என்றான். அவளுக்குப் புரிந்துவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தாள்.

முழுப் படம் வந்தது. தரையில் ஊன்றிய குச்சி, அதில் சுற்றிய கம்பி, கம்பியின் முனையில் துணிக்கொடியில் மாட்டுகிற நீல கிளிப் ஒன்று. அதுதான் தண்டைக் கவ்விக்கொண்டிருந்தது. ஒரு முனை உடைந்த கிளிப். இவர்கள் வீட்டு பால்கனிக் கொடியில் கிடந்தது. காணாமல் போனபோது காக்கா தூக்கிப் போயிருக்கும் என்று இவன் காக்காவைத் திட்டியிருந்தான். போகும்போது அவள் எடுத்துப் பையில் போட்டிருக்கிறாள்.

தனியாக உட்கார்ந்து சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் ஏக்கம் தாங்கவில்லை. அவளோடு போகும் பாக்கியம் ஒரு கிளிப்புக்குக் கிடைத்திருக்கிறது, தனக்கு இல்லை. அதைவிட, காரியம் கிளிப்பை வைத்தே நடந்துவிடுகிறது. பிறகு தான் எதற்கு? அவள் வேண்டும் என்று இவனுக்கு வெட்கமில்லாமல் தோன்றியது. விடிந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான்.

விடியற்காலையில் கூப்பிட்டபோது அவள் காட்டில்தான் இருந்தாள். தேனீ இன்னும் எழுந்திருக்கவில்லை, மெதுவாகப் பேசுங்கள் என்று கிசுகிசுத்தாள்.

“வந்துடு,” என்றான். “நீ இல்லாம என்னால முடியல.”

காற்றின் இரைச்சலுக்குள் அவள் போனை வாயருகே கொண்டுவருவது கேட்டது.

“நேத்து காலையிலதான் கையெழுத்துப் போட்டேன், சாயங்காலம் சொல்ல மனசு வரல,” என்றாள். “உன் இஷ்டம்னு சொன்னீங்க. நான் இல்லாமலே பழகிட்டீங்கன்னு நினைச்சேன்.”

இவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். இனி மாற்ற முடியாது, வரப்போகும் மழைக்காலத்து வேலையை அவளை நம்பித்தான் ஏற்றிருக்கிறார்கள் என்பதையும், இவன் கேட்கும் முன்பே அவளே சொல்லிவிட்டாள். இன்னும் ஒரு வருஷம். யாரைக் குறை சொல்வது? ஒரே வார்த்தையை ஒரு வாரம் வாய்க்குள் வைத்திருந்தவன் இவன்தான்.

“வச்சிடாதீங்க,” என்றாள். “காத்து குறையுது. இந்தக் கிளிப் நல்லாத்தான் பிடிக்குது. ஆனா படம் எடுத்ததும் பக்கத்துல நீங்க மூச்சு விடுற சத்தம் இல்ல. ஒவ்வொரு தடவையும் அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்.”

இவன் போனைக் காதோடு அழுத்தி மூச்சைப் பிடித்தான். மற்றக் கையின் இரண்டு விரல்கள் தாமாகச் சேர்ந்து, அந்தரத்தில் எதையோ பிடித்துக்கொண்டன. கிளிக் என்றது. மூச்சை விட்டான். அங்கே அவளும் விட்டாள்.

“இன்னொண்ணு எடுக்கட்டுமா?” என்றாள்.

“எடு,” என்று சொல்லிவிட்டு மறுபடி மூச்சைப் பிடித்துக்கொண்டான்.