வண்டிக்கு இடம்

"அக்கா, வண்டி உள்ளே நிக்குமா? அதை மொதல்ல சொல்லு. மத்ததெல்லாம் அப்புறம்."

அக்காவின் அடுக்குமாடி வீட்டுக்கு எதிரே காலியாகக் கிடந்த வீட்டைக் குடிவரப் பார்க்க வந்து, உள்ளே காலை வைத்ததும் தங்கை கேட்டாள்.

"இடமா இல்லை? கீழே பாத்துட்டுத்தானே ஏறி வந்தே," என்றாள் அக்கா.

இடம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. நிறுத்த விடுவார்களா என்று அவள் கேட்கவில்லையே. பொய் சொல்லவில்லை என்று அக்கா தன் மனசுக்குச் சொல்லிப் பார்த்தாள். மனசு காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தங்கையின் கணவர் கண்ணாடி பொருத்துகிறவர். அவர் வண்டியின் பக்கவாட்டில் சாய்வாக ஒரு சட்டம் உண்டு. கண்ணாடி அதில் நின்றபடிதான் போகும். படுக்க வைத்தால் விரிசல் விட்டுவிடும். ராத்திரி தெருவில் விட்டால் எவனோ எறிகிற ஒரு கல் போதும், பிழைப்பு பொடிப்பொடி.

"குடியிருப்புச் சங்கம்னா ரொம்பக் கெடுபிடியோ அண்ணி?" அவர் ஜன்னல் கண்ணாடியை விரலால் சுண்டிப் பார்த்தபடி கேட்டார்.

"நல்லதும் இருக்கு மாப்பிள்ளை, கெட்டதும் இருக்கு. லிஃப்ட் நின்னா அன்னைக்கே ஆள் வந்துடும். தண்ணிக்குப் பஞ்சமே கிடையாது. கதவைப் பூட்ட மறந்தாலும் நிம்மதியா தூங்கலாம்."

"கெட்டதைச் சொல்லலையே?"

"பால்கனியில துணி காயப் போடக் கூடாது. மத்தியானம் ஆணி அடிக்கக் கூடாது. மாடிப்படியில செருப்பு விடக் கூடாது."

"மூச்சு?" என்றாள் தங்கை.

"மெதுவா விட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

மூவரும் சிரித்தார்கள். அக்காவின் சிரிப்புதான் முதலில் அடங்கியது. கணவர் இறந்தபின் டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்குப் பதில் சொல்லிப் பழகிவிட்டாள் அவள். எதிர்க்கதவைத் திறந்தால் தங்கை முகம். அதற்காக எதையும் மறைக்கலாம் போலிருந்தது.

மறைத்தது இதுதான். சரக்கு வண்டி எதுவும் ராத்திரி வளாகத்துக்குள் நிற்கக் கூடாது. அந்த விதியைக் கொண்டுவந்ததே அவள். அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு: விதியைக் கொண்டுவந்தவரே அதற்குக் காவல். மத்தியான அமைதி கேட்டவர்தான் ஆணிச் சத்தம் கேட்ட வீட்டுக்கு ஓட வேண்டும். தங்கை கணவரின் வண்டியை வெளியே எடுக்கச் சொல்ல வேண்டியவளும் அக்காதான்.

"அடுப்புல இருக்கிற டீயை இறக்கி வச்சுட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு நழுவினாள். போனது அடுப்படிக்கு இல்லை, படிக்கட்டுக்கு. செயலாளர் அங்கே பல்பு மாற்றிக்கொண்டிருந்தார். வண்டியைக் கோணலாக நிறுத்தினால் விசிலடிப்பார் என்பதால் அவருக்கு விசில் என்றே பேர்.

"கீழே நிக்குதே, அது என் தங்கச்சி வீட்டு வண்டி," என்றாள் தயங்கித் தயங்கி.

"அதுக்கென்னம்மா? காவல் நீங்கதானே. நீங்க கண்ணை மூடிக்கிட்டா நாங்க ஏன் திறக்கப் போறோம்?"

இவ்வளவு சுலபமா! நெஞ்சு குளிர வேண்டியது, சுருக்கென்றது.

திரும்பி வந்தபோது தங்கை பீரோவுக்குச் சுவரை முழம் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கணவர் பால்கனியில் குனிந்திருந்தார்.

"முன்னாடி யாரு இருந்தா அண்ணி? தரையெல்லாம் வட்ட வட்டமா தடம்."

"தண்ணி கேன் போடறவரு. கேன் வச்ச தடம்."

"ஏன் காலி பண்ணிட்டாரு?"

வேறு ஊருக்குப் போய்விட்டார் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது.

"நான்தான் போக வச்சேன்."

சொன்னாள். விடியுமுன் அவர் வண்டி தன் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே உறுமியதை. கூட்டத்தில் எழுந்து பேசியதை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல எல்லோரும் கை தூக்கியதை. 'வேற இடம் பாக்குற வரைக்கும் பொறுத்துக்கங்கம்மா' என்று வாசலில் வந்து நின்றவரிடம், 'விதின்னா விதிதான்' என்று கதவைச் சாத்தியதை.

"அப்ப எங்க வண்டி?" தங்கையின் முழம் பாதியில் நின்றது.

"உங்களுக்கு நிக்கும்டி. செயலாளர்கிட்ட பேசிட்டேன். நான் கண்டுக்கலைன்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க."

"அந்த மனுஷனைக் கண்டுக்கிட்டே. எங்களைக் கண்டுக்க மாட்டே. நாளைக்கு உனக்கும் எனக்கும் முட்டிக்கிச்சுன்னா?"

"என்னடி, கூடப் பொறந்தவகிட்ட இப்படிப் பேசறே!"

"கூடப் பொறந்ததாலதான் பேசறேன். வண்டி நிக்குமான்னு வாய் திறந்து கேட்டேனே. அப்பவே சொல்ல என்ன?"

"விடு," என்றார் அவள் கணவர். பிறகு, குற்றம் சொல்கிற தொனியே இல்லாமல், "அவரு இப்ப வண்டியை எங்க நிறுத்துறாரு அண்ணி?" என்றார்.

அக்கா தரையிலிருந்த தடத்தைப் பார்த்தாள்.

"கேக்கலை மாப்பிள்ளை."

தங்கை அந்த வீட்டுச் சாவியை அக்காவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். "டீயைக் கொடு. குடிச்சுட்டுக் கிளம்பறோம்."

"வர மாட்டீங்களா?"

"பாக்க வருவேன். குடியிருக்க வேணாம்க்கா."

வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு அக்கா படியேறினாள். விசில் இன்னும் ஏணிமேல்தான் இருந்தார்.

"கேன்காரர் நம்பர் இருக்கா?"

"எதுக்கும்மா? திரும்பி வரச் சொல்லப் போறீங்களா?"

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வரச் சொல்றது? வண்டியை எங்க நிறுத்துறீங்கன்னு மட்டும் கேக்கணும்."

"நீங்க யாருன்னு கேப்பாரே?"

"கதவைச் சாத்தினவ நான்தான்னு சொல்லிக்கறேன். நம்பரைச் சொல்லுங்க."