நெட்டையின் பூட்டு

எங்கள் பணிமனையில் எனக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். நேரில் மட்டும் மேடம். பேருந்துகளைப் பழுது பார்க்கிறவர்களின் கை, கால், தலை பத்திரமாக வீடு போய்ச் சேர்வது என் பொறுப்பு. தலைக்கவசத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிகிறவனோடெல்லாம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். தலை அங்கேயா இருக்கிறது?

எதில் விட்டுக்கொடுத்தாலும் பூட்டில் விடமாட்டேன். வண்டிக்கு அடியில் போகிறவர் பேட்டரி சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட வேண்டும். சாவி அவர் பையிலேயே இருக்கும், போட்டவர்தான் திறக்கலாம். அப்போதுதான் ஆள் அடியில் கிடப்பது தெரியாமல் யாரும் வண்டியைக் கிளப்ப முடியாது. மற்ற மெக்கானிக்குகள் இதற்கு மூக்கால் அழுவார்கள். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற உயரமான மெக்கானிக் மட்டும் பல்பு மாற்றுவதற்கும் பூட்டுவார்.

"இதுக்கெதுக்குங்க பூட்டு?"

"பூட்டினாத்தானே மேடம் நீங்க வந்து இழுத்துப் பாப்பீங்க?"

முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுச் சிரிப்பேன். அதற்கு மேல் நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் பயிற்சிக்குப் போயிருந்த வாரத்தில் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. திரும்பி வந்தால் ஆள் இல்லை. கியர்பாக்ஸுக்காகக் காத்து நின்ற பேருந்தில் அவர் பூட்டு மட்டும் தொங்கியது. மறந்துவிட்டார் என்றார்கள்.

இதற்கும் விதி உண்டு, நானே எழுதியது. ஆளில்லாத பூட்டைக் கண்டால் பூட்டுக்காரரை அன்றைக்கே போனில் கூப்பிட வேண்டும். அவர் சரியென்றால் நான் என் கையால் பூட்டை வெட்ட வேண்டும். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வெட்ட வேண்டுமே. விதி விதி என்று எல்லோர் உயிரையும் எடுக்கிற நான், தினமும் அந்தப் பூட்டை ஒரு தரம் தொட்டுவிட்டு வந்தேன். அது இருக்கிற வரை அவரும் எங்கேயும் போய்விடவில்லை என்று மனசு சொல்லும். அவ்வளவு ஆசை வைத்திருந்தேன்.

ஒரு மாதம் கழித்து கியர்பாக்ஸ் வந்தது. ஃபோர்மேன் ஒற்றைக்காலில் நின்றார். "இன்னைக்கு வெட்டியே ஆகணும் மேடம்."

கூப்பிட்டேன்.

"சொல்லுங்க மேடம்." அதே குரல்.

"உங்க பூட்டை மறந்துட்டுப் போயிட்டீங்க."

"மறக்கலை. வேணும்னுதான் விட்டுட்டு வந்தேன்."

"எதுக்கு?"

"நேர்ல பேசத் தைரியம் இல்ல. ரூல்ஸ்படி நீங்க திரும்பி வந்த அன்னைக்கே கூப்பிடுவீங்க, அப்ப மனசுல இருக்கறதைச் சொல்லிடலாம்னு பாத்தேன். போனைக் கையிலயே வச்சிருந்தேன். போன் வரலை. ரூல்ஸை மீறாத நீங்களே, என்கிட்ட பேசப் பிடிக்காம, கேக்காமலே வெட்டிட்டீங்கன்னு நெனைச்சேன்."

"வெட்ட மனசு வரலைங்க. அதான் கூப்பிடலை."

மறுபக்கம் யாரோ இரும்பைத் தட்டுவது கேட்டது.

"இப்ப வந்து திறக்கறீங்களா?" வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"போன வாரம் ஒரு பொண்ணுக்கு வாக்குக் குடுத்துட்டேன் மேடம்." பிறகு, "வெட்டிடுங்க" என்றார்.

ஃபோர்மேன் வெட்டுக் கத்தரியோடு வந்தார். "நான் வெட்டறேனே மேடம், உங்களுக்குக் கை வலிக்கும்" என்றார். வேண்டாம் என்று நானே வாங்கிக்கொண்டேன்.

பூட்டை எடுக்கும் முன் குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்க வேண்டும். பார்த்ததை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லவும் வேண்டும். குனிந்து பார்த்தேன்.

"அடியில ஆள் இல்ல" என்றேன். ஃபோர்மேனுக்குக் காதில் விழவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.