ஆடு நிற்கும் மேடு

கம்பிவேலிக் கேட்டைச் சாத்தாமல் போனவன் பெவின்தான். முந்தின நாள் சாயங்காலம் மேட்டில் பெயர்ப்பலகை நட்டுப் படம் எடுத்துவிட்டு, ஒரு கையில் மண்வெட்டியும் மறு கையில் செல்போனுமாக வெளியே வந்தான். கேட்டைச் சாத்த மூன்றாவது கை இல்லை. காலையில் வந்து பார்த்தால் நானூறு வாகைக் கன்றும் நானூறு குச்சியாக நின்றன. ‘காலநிலை மாற்றத்தைத் தாங்கும் கிராமம்’ என்ற பலகையின் ஓரத்தைக்கூட ஏதோ ஓர் ஆடு ருசி பார்த்திருந்தது.

பதினொரு மணிக்குத் தொண்டு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மணி ஒன்பதரை. கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டே வந்தது.

ஓட்டப்பிடாரம் பக்கத்து ஆடு மேய்ப்பவர்களோடு மூன்று வருஷமாக அவனுக்கு வேலை. நாசரேத்தில் அவன் அம்மா அதைப் ‘பருவநிலை உத்தியோகம்’ என்பாள். மழை வருமா என்று சொல்லும் வேலை போல என்று நினைத்த எதிர்வீட்டுக்காரர், வத்தல் போடும் முன் இவனைக் கேட்பார். இவன் சொல்லி ஒருநாளும் வத்தல் காய்ந்ததில்லை. மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. அதை நீட்டுவார்களா என்பது இந்தக் கன்றுகளின் கையில்தான் இருந்தது.

போனில் மேலாளர் உமாராணி சொன்னார்: “யார் தப்புன்னு ஒரு பக்கம் எழுதி, கையெழுத்து வாங்கி அனுப்புங்க பெவின்.”

எழுதினான். ‘மேய்ப்பவர்கள் வேலியைப் பிரித்து ஆடுகளை உள்ளே விட்டனர். வேலியை இன்னும் உயர்த்த வேண்டும்.’ மனசு கூசியது. எழுத்து மட்டும் அச்சடித்தது போல வந்தது.

மேட்டடியில் சிவனாண்டி நூற்றிருபது ஆடுகளை மடக்கி நின்றார். அவர் மனைவி தங்கத்தாய் ஒரு குட்டியின் குளம்பில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, இதுல ஒரு கையெழுத்து.”

“எங்கன சார் போடணும்?”

“என்ன எழுதிருக்குன்னு கேக்க மாட்டியளா?”

“நீங்க எழுதுனா நல்லதுக்குத்தான இருக்கும்.”

மூன்று வருஷமாக இதே பதில்தான். ஆடுகளுக்குக் கட்டிக்கொடுத்த தண்ணித்தொட்டி எப்படி இருக்கு என்றால், நல்லாருக்கு சார். அந்தத் தொட்டியில் துணி ஊறவைத்திருந்ததை அவனே பார்த்திருக்கிறான். அறிக்கையில் ‘பன்முகப் பயன்பாடு’ என்று எழுதினான்.

சிவனாண்டி பேனாவை வாங்கினார். தங்கத்தாய் எழுந்து வந்தார்.

“வாசிங்க தம்பி. கேப்போம்.”

வாசித்தான். வேலியை உயர்த்தும் இடத்தில் குரல் இறங்கியது. தாளில் ஒரு மழைத்துளி விழுந்தது.

“வேலிய நாங்களா பிரிச்சோம்?”

“இல்லக்கா. கேட்ட தொறந்து போட்டது நான்தான்.”

“ஏளா, சும்மா இரி,” என்றார் சிவனாண்டி. “ஆட்டுக்கு ஊசி போடுத லிஸ்ட்ல நம்ம பேரு போயிரும்.”

“போனா போவுது. தம்பி, மழை வந்தா ஆடு நிக்க இங்கன இந்த ஒரு மேடுதான். சுத்தி கரிசல், காலு புதைஞ்சிரும். போன ஐப்பசில நீங்க வேலி போட்டுட்டிய. மழைக்குத் துறைமுக ரோட்டுல போயி நின்னோம். லாரில அடிபட்டு ஒன்பது குட்டி. இன்னைக்கும் அங்கதான் போகணுமா?”

செல்போன் அடித்தது. பெவின் எடுத்தான்.

“என் தப்புதான் மேடம். கேட்டத் தொறந்து போட்டது மட்டுமில்ல, வேலியும்தான். இங்க வேலியே போட்டிருக்கக் கூடாது. வாரவங்ககிட்ட நானே சொல்லுதேன்.”

போனை வைத்தான். மார்ச் மாதம் கண் முன்னால் வந்து போனது. தாளை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு கேட்டை அகலத் திறந்தான். யாரும் ஓட்டாமலே ஆடுகள் மேட்டில் ஏறின. மழை பிடித்துக்கொண்டது.

“இத்தன நாள் கேட்டனேக்கா. எல்லாம் நல்லாருக்குன்னு ஏன் சொன்னிய?”

தங்கத்தாய் குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“வீட்டுல எத்தன பேரு, என்ன போனு, கழிப்பறை இருக்கான்னு நாப்பது கேள்வி கேட்டிய. ஆடு எங்கன நிக்கும்னு கேக்கல. கேட்டுட்டுல்லா செய்யணும் தம்பி. செஞ்சு முடிச்சிட்டு வந்து கேட்டா, நல்லாருக்குன்னுதான் சொல்லுவோம். வேற என்னத்தச் சொல்ல?”