பங்காளி என்றது விக்கி

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு சிவப்பு வரி வந்து யோகலட்சுமியின் கல்யாணத்தைத் தடுத்து நிறுத்தியது. அந்த வரி வந்த தளத்தை உருவாக்கியவளே அவள்தான் என்பது இன்னும் கொடுமை.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கிற யோகலட்சுமி, தன் தாய்மாமன் வீட்டுக் குலதெய்வக் கோயிலுக்காக விக்கிப்பீடியா மாதிரி ஒரு விக்கித் தளம் நடத்திவந்தாள். ஆளுக்கு ஒரு பக்கம். பக்கத்தில் தகப்பன், தாய், ஊர், தகப்பன் வழி வம்சமான கொடி என்று ஒவ்வொரு தகவலுக்கும் தனிக் கட்டம். கட்டம் நிரம்பிவிட்டால் கேள்வி கேட்கலாம். இடைசெவலில் பிறந்து எட்டயபுரத்தில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் யார் யார் என்றால் பட்டியல் வந்து நிற்கும். இரண்டு பெயரைக் கொடுத்தால் கட்டிக்கொள்ள முறை உண்டா என்றும் சொல்லும். அந்தப் பொத்தானை வைத்ததில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

அவளுடைய வருங்கால மாமனார், ஆட்டு யாவாரி செல்லத்துரை, எட்டயபுரம் ஆட்டுச்சந்தையில் நின்றபடி யாரோ சொல்லக் கேட்டு அதே பொத்தானை அமுக்கிவிட்டார். கொடுத்த பெயர்கள்: மகன் விஜயராஜ், யோகலட்சுமி. பதில் வந்தது: ஒரே கொடி, பங்காளி, முறை இல்லை.

ஒரே கொடியில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கச்சி. செல்லத்துரை உடனே அவள் அம்மா பொன்மணியைக் கூப்பிட்டார். மனுஷர் குரலை உயர்த்தவில்லை. உங்கள் வாய்ச்சொல்லை நம்பித்தான் வந்தோம், கோயில் பதிவில் வேறு மாதிரி இருக்கிறதே, ஊர் கேட்டால் என்ன சொல்ல என்றார். நாலு மணிக்கு வழியில் இறங்கி நேரிலேயே பேசுவதாகவும், வெள்ளிக்கிழமை பூ வைப்பதை நிறுத்திக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

யோகலட்சுமி தன் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். தவறு எங்கே என்று பார்த்ததுமே புரிந்தது. கோயில் வரி வசூல் நோட்டில் வீட்டுக்கு ஒரு பதிவு. அதைப் பார்த்துத்தான் எழுநூறு வீடுகளையும் ஏற்றியிருந்தாள். வீட்டுத் தலைவரின் கொடி எதுவோ, அதுவே அந்த வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் தானாக விழும்படி படிவம். அப்பா காளிராஜ் இறந்தபோது அவளுக்கு இரண்டு வயது. பொன்மணி பிள்ளையோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆக, தாய்மாமன் கொடி மருமகள் தலையிலும் விழுந்துவிட்டது. ஊரார் பக்கத்தையெல்லாம் சரிபார்த்தவள் தன் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை.

திருத்த அரை நிமிடம் போதும். கை மவுஸுக்குப் போனபோது விஜயராஜ் போனில் வந்தான். விளாத்திகுளத்தில் கால்நடைத் துறையில் வேலை அவனுக்கு. தன் தாத்தா பிறந்த வருஷத்தைத் திருத்தச் சொல்லி முதலில் எழுதியவன், அப்புறம் அந்தக் குடும்பத்தில் திருத்த ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகும் எழுதிக்கொண்டே இருந்தவன்.

"மாத்திராத யோகா. எவ மாத்துனா, எத்தன மணிக்கு மாத்துனான்னு பக்கத்தோட வரலாறு சொல்லிரும். பொண்ணே கொடிய மாத்திக்கிட்டாள்னு சொல்லுவாவ. உங்க அப்பா பக்கத்துல இருந்து சாட்சி வேணும்."

அப்பா பக்கம் என்றால் விளாத்திகுளத்துக்குத் தெற்கே ஆடு வளர்க்கிற குடும்பம். சாவு வீட்டில் வந்த வாக்குவாதத்தில் அறுந்த உறவு. இருபத்திரண்டு வருஷமாகப் போக்குவரத்து இல்லை. ஆனால் காளிராஜின் தம்பி மகன் ஹரி, மந்தைக்கென்று இதே மென்பொருளில் ஒரு விக்கி வைத்திருப்பது விஜயராஜுக்குத் தெரியும். ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு பக்கம். தடுப்பூசிப் பட்டியலை அதிலிருந்துதான் அவன் இறக்கிக்கொள்வான். அதில் வீட்டு ஆட்களையும் ஹரி எழுதியிருக்கிறான் என்றான் விஜயராஜ்.

"அவிய எம்புள்ளயவா எழுதி வச்சிருக்கப் போறாவ?" என்றாள் பொன்மணி. கேட்டுவிட்டு மகள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

விஜயராஜிடம் எண் வாங்கி யோகலட்சுமி ஹரியைக் கூப்பிட்டாள். பெயரைச் சொல்லி, கோப்பு ஒன்று வேண்டும் என்றாள். யார், எதற்கு என்று அவன் கேட்கவே இல்லை. "மொத்தத்தையும் அனுப்புதேன்க்கா" என்றான்.

கோப்பு வந்தபோது மணி ஒன்று. ஒரு விக்கி தன் பக்கங்களைக் கட்டம் கட்டமாக அப்படியே வெளியே கொடுக்கும். இன்னொரு விக்கி அதை வாங்கிக்கொள்ளும். ஆனால் இவள் 'தகப்பன்' என்று வைத்த கட்டத்துக்கு அவன் 'அப்பா' என்று பெயர் வைத்திருந்தான். இவளுடைய 'கொடி' அவனிடம் 'வகையறா'. எதற்கு எது என்று ஒவ்வொன்றாக எழுதி, தன் கணினியில் இருந்த சோதனைப் பிரதியில் ஏற்றினாள்.

கோயில் குடும்பத்தில் திடீரென்று ஆயிரத்து நானூறு பேர் கூடிவிட்டார்கள்.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த பொன்மணி, "ஏட்டி, யாரு இந்தச் சுட்டிமூஞ்சி? நம்ம சொந்தத்துல இப்படி ஒரு ஆளு கிடையாதே" என்றாள். ஆடுகளுக்கும் தாய், தகப்பன் கட்டம் இருந்ததால் எல்லாம் சொந்தமாக உள்ளே வந்துவிட்டன. அந்தப் பதற்றத்திலும் யோகலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. மனிதர்களை மட்டும் எடுத்துக்கொள் என்று நிபந்தனை வைத்து மறுபடி ஏற்றினாள். பிறகு கேட்டாள்: காளிராஜின் பிள்ளைகள்.

ஒரே ஒரு வரி வந்தது. யோகலட்சுமி. தாய் பொன்மணி. பிறந்த தேதி சரி. வகையறா, அப்பாவுடையது. ஹரி மூன்று வருஷம் முன்பே எழுதியது. அதன் கீழே இவளிடம் இல்லாத ஒரு கட்டம்: பேரில் விட்ட குட்டி.

பொன்மணிக்கு அது என்னவென்று தெரியும். அந்த வீட்டில் பிள்ளை பிறந்தால் அதன் பேரில் ஒரு பொட்டைக் குட்டியை மந்தையில் விடுவார்கள் என்று மெதுவாகச் சொன்னாள். அதை விற்க மாட்டார்கள், அடிக்க மாட்டார்கள்.

யோகலட்சுமி நிபந்தனையை எடுத்துவிட்டு அந்தக் குட்டியின் வம்சத்தைத் தொடர்ந்து கீழே போனாள். அதன் மகள், மகளின் மகள். எட்டாவது தலைமுறையில் பதினோரு ஆடுகள் உயிரோடு நின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, யாருடையது என்கிற கட்டத்தில், அவள் பெயர். கடைசித் தடுப்பூசி போன மாதம். போட்டவர், விஜயராஜ்.

செல்லத்துரை நாலு மணிக்குச் சரியாக வந்தார். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே இருந்தார். கணினியைத் திருப்பிக் காட்டியதும், இதனால்தானே வந்தது வினை என்று கையை ஆட்டினார். ஆனால் ஆட்டுப் பெயர்கள் கண்ணில் பட்டதும் யாவாரி மனசு கேட்கவில்லை. குனிந்து, விரலை வைத்து, தாய்க்குத் தாய் என்று மேலே போனார். முதல் குட்டி வரைக்கும் போனார்.

"அந்தப் பையனுக்குப் போனப் போடு" என்றார். பிறகு போனில், "தம்பி, உங்க பெரியப்பா மவ ஆட்டுக்குக் காதுல என்ன வெட்டு?"

"இடது காது நுனியில ரெண்டு வெட்டு மாமா. எங்கய்யா போட்டது. இப்பமும் அதான் போடுதோம்."

விக்கியில் அடையாளக் கட்டத்திலும் அப்படியே இருந்தது. செல்லத்துரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆட்டுக்கே எட்டுத் தலைமுறை எழுதுனவன் புள்ளைக்குத் தப்பா எழுதமாட்டான். நீ இப்ப உன் பக்கத்த மாத்தும்மா. நான் சாட்சி."

ஹரி அனுப்பிய பதிவை ஆதாரமாகக் குறிப்பிட்டு, அவர் கண்ணெதிரே, கோயில் விக்கியிலேயே அவள் மாற்றினாள். சேமித்தாள். பொத்தானை அவரே அமுக்கட்டும் என்று தள்ளி நின்றாள். பச்சையில் வந்தது: முறை உண்டு, அத்தை மகள்.

செல்லத்துரை அதை இரண்டு முறை படித்தார். பொன்மணி பிறந்தது அவருடைய கொடியில். அந்தக் கணக்குக்கு அவள் அவருக்குத் தங்கை முறை.

"அப்பம் என் தங்கச்சி மவளத்தான் வேண்டாம்னு சொல்ல வந்திருக்கேனா?" என்றவர், போனில் இன்னும் ஹரி இருப்பதைப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழம பூ வைக்கோம் தம்பி. பொண்ணுக்கு அப்பா வீட்டாளுக இல்லாம எப்படி?" என்றார்.

எத்தனை பேர் வரலாம் என்று ஹரி தயங்கித் தயங்கிக் கேட்டான். பொன்மணி கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"எல்லாரும் வாங்கய்யா" என்றாள். "காலைலயே வந்துருங்க."