பதினோராவது கை

1

எங்கள் பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் சங்கத்தின் ஆண்டுமலருக்கு ‘நட்பு’ என்ற தலைப்பில் இரண்டு பக்கம் எழுதித் தரும்படி தலைவர் கேட்டார். இந்தக் கதை அப்படித்தான் தொடங்கியது. நான் சங்கத்தின் செயலாளர். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது தொழில். அடுத்தவர் எழுத்துக்குக் காலும் கொம்பும் போட்டே இருபது வருடத்தை ஓட்டியவன். சரி என்று உட்கார்ந்தேன். முதல் வரி வந்தது:

“எங்கள் சங்கத்தில் உடல்கள் பதினொன்று, ஆனால் உயிர்—”

பச்சைப் பொய். அடித்தேன். இரண்டாவது முயற்சி:

“நாற்பது வருடம் உறங்கிய அந்த எஞ்சினைத் தலைவர் தன் கையாலேயே—”

இதற்கு மேல் ஓடவில்லை. அந்த எஞ்சினில் தலைவரின் கை பட்டது இரண்டே முறை: வண்டியிலிருந்து இறக்கியபோது ஒருமுறை, திரும்ப ஏற்றியபோது ஒருமுறை. இடையில் நடந்த அத்தனையையும் செய்தது யார் என்று எங்கள் பதினோரு பேருக்கும் தெரியும். தெரிந்தும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம். அதைத்தான் எழுதப்போகிறேன். நட்பைப் பற்றி எழுதச் சொன்னார்கள் அல்லவா, இதுதான் எங்கள் நட்பு.

2

அவர் தையல் மெஷின் பழுதுபார்ப்பவர். எங்களில் பெரியவர்கள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடைவீதியில் ஷட்டர் போட்ட ஒற்றை அறை. ஒரு பக்கச் சுவர் முழுக்க மெஷின் தலைகள், மறுபக்கம் சின்னதாக ஒரு லேத்து.

தலைவர் பல் டாக்டர். ஏதோ கிடங்கில் துருப்பிடித்துக் கிடந்த ஐந்நூறு சிசி ஒற்றை சிலிண்டர் வண்டியை வாங்கிவிட்டு, எஞ்சின் சுற்றாமல் அலைந்தார். கடைசியில் சாக்கில் சுற்றி இங்கே கொண்டுவந்தார்.

“நாலு மெக்கானிக் பாத்தாச்சுக்கா. எடைக்குப் போடச் சொல்றாங்க.”

அவர் சாக்கை விலக்கிப் பார்த்தார். “ஒரு காலத்துல சுத்தினதுதானே? வெச்சிட்டுப் போங்க டாக்டர்.”

பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. மூன்று வாரம் டீசலில் ஊறப்போட்டார். தினமும் காலையில் கடை திறந்ததும் மரக்கட்டையை வைத்து இரண்டு தட்டு. அசையவில்லை என்றால் அடுத்த வேலை. இருபத்திரண்டாவது நாள் ஒரு நூலளவு நகர்ந்தது. அன்றைக்கு அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தாராம்.

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் நட்டுகளுக்கு நம்மிடம் உள்ள எந்த ஸ்பேனரும் பொருந்தாது. அவர் பழைய ஸ்பேனர்களை அரத்தால் ராவி, ஏழு அளவுகளில் தானே செய்துகொண்டார். எண்ணெய் கசியாமலிருக்க, எஞ்சின் கூட்டின் இரண்டு பாதிகளையும் கண்ணாடிப் பலகைமேல் வைத்து, உராய்வுப் பசை தடவி, ஒன்பது நாள் தேய்த்தார். தீப்பொறி விழ வேண்டிய நொடியைக் கண்டுபிடிக்க, மேக்னட்டோவின் இரண்டு முனைகளுக்கு நடுவே மெல்லிய காகிதத்தைச் செருகி, அது நழுவும் இடம்வரை திருப்பினார். [நான் முதலில் ‘கார்புரேட்டரில் காகிதத்தைச் செருகி’ என்று எழுதியிருந்தேன். திருத்தியது அவர். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.]

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? சனிக்கிழமைகளில் நாங்கள் பதினோரு பேரும் அங்கேதான் கிடப்போம். பிளாஸ்கில் டீ, எந்த எஞ்சினுக்குச் சத்தம் நல்ல சத்தம் என்று வாய்ச்சண்டை, ஒருவர் காலை ஒருவர் வாருவது. அக்கா தலை நிமிராமலேயே பேச்சில் கலந்துகொள்வார். பதினான்கு மாதம்! அதற்குள் எங்கள் வண்டிகளில் ஆறு அவர் கையால் ஓடத் தொடங்கிவிட்டன.

3

ஆண்டு விழாவில் சிறந்த எஞ்சின் பரிசு தலைவருக்கு. மேடையில் மைக்கைப் பிடித்தார்.

“ஒவ்வொரு போல்ட்டும் இந்தக் கையால முடுக்கினது” என்று கையை உயர்த்திக் காட்டினார். பல் பிடுங்கும் கை. வெள்ளை வெளேரென்று, நகத்தில் ஒரு பொட்டு கறுப்பில்லை.

அக்கா மூன்றாவது வரிசையில் இருந்தார். பக்கத்தில் பள்ளி வேன் ஓட்டும் அவர் வீட்டுக்காரர். மனிதர் எழுந்தேவிட்டார்.

“என்னது? இவரு முடுக்கினாரா?”

“உக்காருங்க” என்று அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். “இங்க தெரிஞ்சவங்க பத்துப் பேர் இருக்காங்க. யாராச்சும் ஒருத்தர் சொல்வாங்க.”

அக்கா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாங்கள் கைதட்டினோம். நானும் தட்டினேன். கை வலிக்கத் தட்டினேன்.

[இந்த இடத்தில் ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்: தலைவர் கூட்டத்தின் முன் வண்டியை உதைக்கிறார், கிளம்பவில்லை, வியர்க்கிறது, கடைசியில் அக்காவைத் தேடுகிறார். படிக்க எவ்வளவு ஜோராக இருக்கும்! ஆனால் வண்டி முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது. அக்கா செய்த எஞ்சின், வேறு எப்படி ஆகும்? அவருடைய வேலை சுத்தமாக இருந்ததே அந்தப் பொய்க்குச் சாட்சியாகிவிட்டது. இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.]

4

அடுத்த கூட்டத்துக்கு அக்கா தானே வந்தார். உறுப்பினர் விண்ணப்பத்தை மேஜைமேல் வைத்தார்.

தலைவர் சிரித்தார். “அக்கா, நீங்க நம்ம குடும்பம் மாதிரி. உங்களுக்கு எதுக்கு இந்தக் காகிதமெல்லாம்?”

“குடும்பம்னா மேடையில பேர் சொல்லியிருப்பீங்களே டாக்டர்.”

“சொந்த வண்டி இருக்கணும்னு ஒரு மரபு இருக்கு…”

“விதியில இல்லை. படிச்சுட்டுத்தான் வந்தேன்.”

தலைவரின் சிரிப்பு வடிந்தது. “வெளிப்படையா சொல்றேன். நீங்க மெக்கானிக். நாங்க ஆர்வலர்கள். ரெண்டும் வேற.”

“ஆர்வம் இல்லாமயா ஒன்பது நாள் தேய்ச்சேன்?”

ஓட்டெடுப்புக்கு விட்டார்கள். ஆதரவாக ஐந்து கைகள். எதிராக, தலைவரையும் சேர்த்து, ஐந்து. பதினோராவது ஆள் நான். கூட்டக் குறிப்பேட்டில் மும்முரமாக எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன். என் வண்டிக்கு ஏற்ற கார்புரேட்டரைத் தலைவர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தார். அது அவர் வீட்டு அலமாரியில் இருந்தது. காரணம் அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று நான்கு நாள் தேடினேன், கிடைக்கவில்லை.

“சமமா வந்தா தலைவர் முடிவு” என்றார் தலைவர். “நிராகரிக்கப்படுது. செயலாளர், எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டேன்.

5

மூன்றாவது வரைவில் நான் கையைத் தூக்கினேன். கதையில்தான். ஆறுக்கு ஐந்து, அக்கா கண் கலங்குகிறார், அறை எழுந்து நிற்கிறது. எழுதி முடித்ததும் எனக்கே பிடித்துப்போனது. அதை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வக்கில்லாதவன் கதையோடு போனேன்.

அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். சாக்கு தைக்கும் பெரிய மெஷின் ஒன்று பிரித்துப்போட்டபடி கிடந்தது. பென்சிலை எடுத்தார்.

“கார்புரேட்டர்ல காகிதம் வெக்க மாட்டாங்க. மேக்னட்டோ.” திருத்தினார். “அப்புறம், நான் எங்க அழுதேன்?” அந்த வரியை அடித்தார். பிறகு நான் கை தூக்கும் இடத்துக்கு வந்தார். பென்சில் அங்கே நின்றது.

“இது எப்ப நடந்துச்சு?”

“கதைதானேக்கா…”

“அன்னிக்கு அஞ்சு பேர் கை தூக்கினாங்க. ஒவ்வொருத்தரா எண்ணினேன். உங்க தலை குனிஞ்சே இருந்துச்சு.” காகிதங்களை என் பக்கம் தள்ளினார். “நான் கேட்டது கதை இல்லை தம்பி. கை.”

திரும்பி மெஷினை எடுத்துக்கொண்டார். நான் அரைமணி நேரம் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை.

6

நடந்ததை நடந்தபடி எழுதியதுதான் இந்த நான்காவது வரைவு. ஆண்டுமலரில் சேர்க்க முடியாது என்று தலைவர் திருப்பி அனுப்பிவிட்டார். “நட்புன்னா என்னன்னு உனக்குத் தெரியளை” என்று ஓரத்தில் எழுதியிருந்தார். ‘தெரியலை’யில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. விட்டுவிட்டேன்.

ஆதரவாகக் கை தூக்கிய ஐந்து பேரும் கையெழுத்திட்டு மறு ஓட்டெடுப்பு கேட்டிருக்கிறார்கள். ஐந்து கையெழுத்து இருந்தால் நடத்தியாக வேண்டும் என்பது விதி. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். நான் இதைப் பத்துப் பிரதி எடுத்து உறுப்பினர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். உங்களிடம் இருப்பது அதில் ஒன்று. இல்லை, நீங்கள் எங்கள் சங்கத்தைக் கேள்வியே படாதவரென்றால், யாரோ ஒருவர் படித்துவிட்டு உங்களிடம் தள்ளிவிட்டிருக்கிறார்.

ஞாயிறன்று நான் கை தூக்குவேன் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதிவிட்டால், தூக்கிவிட்டது போலவே எனக்கு நிம்மதியாகிவிடும். என்னை எனக்குத் தெரியும். எனவே கதை இங்கே நிற்கிறது. கீழே அரைப்பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன். பத்தே கால் மணிக்கு மேல், அறையில் எத்தனை கைகள் உயர்ந்தன என்று எண்ணி, யாராவது ஒருவர் அதில் எழுதுங்கள்.

பேர்களோடு எழுதுங்கள்.