முன்கூட்டிய நன்றி

யோகலிங்கத்துக்கு ஒரு வியாதி உண்டு. யாருக்கு எங்கே என்ன நல்லது நடந்தாலும் அதில் தன் படம் இருக்க வேண்டும். கோயில் தேர், கடைத் திறப்பு, யாரோ பெற்ற பிள்ளையின் பட்டமளிப்பு, எதையும் விடமாட்டார். லண்டன் ரெய்னர்ஸ் லேனில் வீடு வாங்கி விற்கும் தரகு அலுவலகம் வைத்திருக்கிறார். அதன் மேல்மாடி அறைக்குப் பெயர் தமிழ் மக்கள் நலன்புரி ஒன்றியம். தலைவர் அவர். செயலாளர் கோபாலன் என்ற மலேசியக்காரர், ஓய்வு பெற்ற வக்கீல், நல்ல ஆங்கிலம் எழுதுவார் என்பதற்காக நகரத்தின் மறுகோடி லூயிஷாமிலிருந்து வரவழைக்கப்படுகிறவர்.

ஜெயகௌரி அந்த ஒன்றியத்தில் இல்லை. கிங்ஸ்பரியில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக வேலை செய்கிறாள், மாலை போட்டுப் படம் எடுக்கும் இடங்களுக்குப் போகிறவள் அல்ல. அந்த வியாழக்கிழமை வேலையை விட்டுவிட்டு அங்கே பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள் என்றால், அதற்குக் காரணம் அவள் தங்கை பிறேமினியின் மகள் துளசி.

பிறேமினி கல்யாணம் முடித்து அயர்லாந்துக்குப் போனவள், டப்ளினுக்கு வெளியே ஒரு சிறு ஊரில் இருக்கிறாள். துளசிக்கு ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை. சுற்றுவட்டாரத்தில் இருந்த பள்ளிக்கூடங்களெல்லாம், இந்தப் பிள்ளைக்கு ஏற்ற சிறப்பு வகுப்பில் இடமில்லை என்று கையை விரித்துவிட்டன. செப்டெம்பரில் பள்ளிக்கூட ஆண்டு தொடங்கும்போது மற்றப் பிள்ளைகள் போவார்கள், இவள் வீட்டில் இருப்பாள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் துளசிக்கு அது தெரியாது. தாய் ஆசையில் ஒரு மஞ்சள் நிறப் பள்ளிக்கூடப் பை வாங்கிக் கொடுத்துவிட்டாள். காலையில் தெருவில் பிள்ளைகள் போகும்போது அந்தப் பையை முதுகில் போட்டுக்கொண்டு வாசற்கதவுக்கு முன்னால் போய் நிற்பாள். கதவு திறக்காது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். வீடியோ அழைப்பில் அதை ஒருநாள் பார்த்த பிறகு ஜெயகௌரிக்கு நெஞ்சு தாங்கவில்லை.

பிறேமினி தன் தொகுதி எம்.பி.யிடம் போய் அழுதாள். அவரும் அதைச் சபையில் எழுப்புவதாகச் சொன்னார். அந்த நாட்டுப் பாராளுமன்றத்தில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. உறுப்பினர் ஒருவர் ஒரு பிரச்சினையைச் சொல்லி நாலு நிமிடம் பேசலாம், மந்திரி பதில் சொல்வார், பிறகு உறுப்பினர் இரண்டு நிமிடம் பேசலாம், கடைசி வார்த்தை மந்திரிக்கு. அதோடு அடுத்த பிரச்சினை. மந்திரியின் வாயிலிருந்து ‘செப்டெம்பரில் இடம் கொடுக்கிறோம்’ என்று ஒரு வசனம் வந்துவிட்டால் போதும், அதை வைத்துக்கொண்டு எந்தக் கதவையும் தட்டலாம் என்று எம்.பி. சொல்லியிருந்தார். பிறேமினி பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வசனத்தை.

இதை ஜெயகௌரி வாய் தவறி மருந்துக்கடையில் யோகலிங்கத்தின் மனைவி சிவகௌரியிடம் சொல்லிவிட்டாள். அன்றிரவே யோகலிங்கம் தொலைபேசியில் வந்துவிட்டார். ஒரு தமிழ்ப் பிள்ளையைப் பற்றி ஐரோப்பியப் பாராளுமன்றம் ஒன்று பேசப்போகிறது, ஒன்றியம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க ஏலுமோ என்றார். ஏலும் என்று ஜெயகௌரி சொன்னாள். அது அவர் காதில் விழவில்லை. மறுநாள் பேஸ்புக்கில் ஒரு போஸ்டர் வந்தது. மேலே யோகலிங்கம், கோட் சூட்டுடன். கீழே வரிசையாக நிர்வாகசபை. ஒரு மூலையில், எங்கிருந்தோ உருவிய துளசியின் படம். நடுவில், ஒன்றியத்தின் வேண்டுகோளை ஏற்றுக் குழந்தை துளசிக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வழங்கிய அயர்லாந்து அரசுக்கும் மாண்புமிகு அமைச்சருக்கும் லண்டன் வாழ் தமிழ் மக்களின் நெஞ்சார்ந்த நன்றிகள் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ஆங்கிலத்திலும் அதே வாசகம்.

இடம் இன்னும் கிடைக்கவே இல்லையே என்று ஜெயகௌரி கேட்டதற்கு அவர் சிரித்தார். நன்றியை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு அவர்களால் இல்லை என்று சொல்ல முடியாதாம். எங்கள் ஆட்கள் அப்படித்தான். எத்தனை பிரதேச சபைத் தவிசாளர்களை, எத்தனை கோயில் தலைவர்களை இப்படி மாலையைப் போட்டு மடக்கியிருக்கிறார்கள். கழுத்தில் மாலை விழுந்தவனுக்கு வெட்கத்திலாவது ஏதாவது செய்யத் தோன்றும் என்பது கணக்கு. வெட்கம் என்ற ஒன்று இருக்கிறவனிடம்தான் அந்தக் கணக்கு சரிவரும் என்பது யோகலிங்கத்துக்குத் தோன்றவில்லை. ஜெயகௌரி திட்டினாள். பிறகு, இந்தக் குப்பையை யார் படிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

இப்போது அந்த அறையில் பத்துப் பதினைந்து பேர் வடை சாப்பிட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பெரிய டி.வி., அதில் டப்ளின் சபை நேரடியாக. பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் யோகலிங்கத்தின் போன், இந்தக் கூட்டத்தைப் பேஸ்புக்கில் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தது. பிறேமினி மகளோடு பார்வையாளர் மாடத்தில் இருந்தாள். உள்ளே போகுமுன் அனுப்பிய செய்தி ஜெயகௌரியின் கையில் இருந்தது: “பையை வாசல்ல வாங்கி வைச்சிட்டாங்கள் அக்கா. உள்ளுக்குக் கொண்டுபோகக்கூடாதாம். அழுதுகொண்டு நிக்கிறாள்.”

சபை என்றால் ஏதோ பெரிதாக எதிர்பார்த்திருந்தவர்களுக்கு அந்தக் காட்சி கொஞ்சம் இடித்தது. வரிசை வரிசையாக வெற்றுக் கதிரைகள். சபாநாயகர் ஆசனத்தில் ஒருவர், எழுதுகிறவர்கள் இருவர், எம்.பி., எதிரே ஒரு மந்திரி. அந்த மந்திரியும் பள்ளிக்கூடங்களுக்குப் பொறுப்பானவர் இல்லை. பொறுப்பானவருக்கு வேறு அலுவலாம், அவருக்குப் பதில் வீதிகளைப் பார்க்கிற துணை மந்திரி ஒருவர் வந்திருந்தார். அங்கே இது அடிக்கடி நடப்பதுதான் என்று கோபாலன் எல்லோருக்கும் விளக்கினார். எவன் எழுதினதோ, எவனுக்கு எழுதினதோ, எவனோ வாசிப்பான் என்று ஜெயகௌரி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

எம்.பி. எழுந்தார். நன்றாகத்தான் பேசினார், பொய் சொல்லக்கூடாது. குரல் நடுங்க வேண்டிய இடத்தில் நடுங்கியது, விரல் நீள வேண்டிய இடத்தில் நீண்டது. இந்தச் சிறுமி தினமும் பையோடு கதவடியில் நிற்கிறாள் என்றார். பிறேமினி சமையலறையில் அழுதுகொண்டு சொன்னதை அவர் கமராவைப் பார்த்துச் சொன்னார். பணக்கார நாடு, வெட்கக்கேடு, செப்டெம்பரில் இடம் உண்டா இல்லையா, ஒரே சொல்லில் பதில் வேண்டும் என்று முடித்தார். அறையில் கைதட்டினார்கள். ஜெயகௌரியும் தட்டினாள்.

துணை மந்திரி கோப்பைத் திறந்தார். திறந்தவர் தலையை நிமிர்த்தவே இல்லை. இந்தப் பிரச்சினையை எழுப்பியதற்கு உறுப்பினருக்கு நன்றி என்றார். அரசாங்கம் இந்தத் துறைக்கு வரலாறு காணாத அளவு ஒதுக்கியிருக்கிறது என்றார். ஒவ்வொரு பிள்ளையும் கொள்கையின் மையத்தில் இருக்கிறது என்றார். வகுப்புகள், ஆசிரியர்கள், திட்டமிடல், மீளாய்வு, சம்பந்தப்பட்டவர்களுடன் தொடர்பாடல் என்று ஒரே மூச்சில் ஓடினார். பிள்ளையின் பெயர் வந்த இடத்தில் தடக்கி, துலாசை என்றோ என்னவோ சொல்லிவிட்டு மேலே போனார். வீதிக்குத் தார் ஊற்றுகிறவர் பள்ளிக்கூடத்துக்கும் தார் ஊற்றினார், எல்லாம் ஒரே கறுப்பாகப் பூசி மெழுகப்பட்டது.

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அவர் முகம் முதல்முறையாக மலர்ந்தது. இந்தக் குறிப்பிட்ட விடயத்தைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி என்றார். பிள்ளைக்கு இடம் வழங்கப்பட்டதற்காகக் குடும்பத்தின் சார்பில் லண்டனில் உள்ள ஒரு தமிழ் அமைப்பு அமைச்சருக்குப் பகிரங்கமாக நன்றி தெரிவித்திருப்பதைத் தன் சகாவான கல்வி அமைச்சரின் அலுவலகம் கண்டிருக்கிறது, ஆகவே விடயம் தீர்ந்துவிட்டதாகத் தெரிகிறது, அந்தக் குடும்பத்துக்குத் தன் வாழ்த்துகள் என்றார்.

அறை அதிர்ந்தது. யோகலிங்கம் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். அயர்லாந்துப் பாராளுமன்றத்தில் ஒன்றியத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். யாரோ லட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். ஜெயகௌரி லட்டை வாங்காமல் டி.வி.யையே பார்த்தாள். ஆனாலும் எம்.பி.க்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. அவர் எழுந்து, இல்லை, இது பொய், தாய் மேலே மாடத்தில் இருக்கிறாள், அவளைக் கேளுங்கள் என்று சொன்னால் போதும்.

எம்.பி. எழுந்தார். ஒரு கணம் விழித்தார். விழித்தபடியே அவர் யோசிப்பது தெரிந்தது. இடம் கிடைத்துவிட்டது என்றால் அதை வாங்கிக் கொடுத்தவர் யார்? முகத்தில் ஒரு புன்னகை மெல்ல ஏறியது. இதைக் கேட்டு மிகவும் மகிழ்கிறேன் என்றார். தன் அலுவலகம் இந்தக் குடும்பத்துக்காக எத்தனை மாதம் ஓய்வின்றிப் பாடுபட்டது என்பதைப் பதிவு செய்ய விரும்புவதாகவும் சொன்னார். மிச்ச நேரத்தில் தன் தொகுதியில் ஒரு பாலத்தைப் பற்றிப் பேசினார். பாலம் என்றதும் துணை மந்திரி உற்சாகமாகிவிட்டார், அது அவருடைய இலாகா. கோப்பை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து, தன் சொந்த வாயால் பாலத்தைப் பற்றிப் பதில் சொன்னார். மணி அடித்தது. அடுத்த பிரச்சினை.

ஜெயகௌரி எழுந்து யோகலிங்கத்திடம் போனாள். உடனே அந்தப் போஸ்டரை எடுக்கவேண்டும், இடம் கிடைக்கவில்லை, தவறுதலாக நன்றி சொல்லிவிட்டோம் என்று மந்திரிக்கும் எம்.பி.க்கும் இப்போதே எழுதவேண்டும் என்றாள். யோகலிங்கம் அவளைத் தோளில் தட்டி ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“பிள்ளை, கொஞ்சம் பொறுமையா யோசி. போட்ட நன்றியை எப்பிடித் திருப்பி எடுக்கிறது? சங்கத்தின்ர மரியாதை என்னாகிறது?”

“அண்ணை, அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. விளங்குதோ உங்களுக்கு?”

“விளங்குது, விளங்குது. மந்திரியை ஒருக்கா லண்டனுக்குக் கூப்பிட்டு, பொன்னாடை ஒண்டு போத்தி, நேரில கதைப்பம். உதுகள் மெதுவாச் செய்யிற வேலை.”

கோபாலன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவருக்கு விளங்கியிருந்தது. விளங்கியும் என்ன பயன், வக்கீல் புத்தி. “ஆமாம்மா, நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா சபைக் குறிப்பில் ஏறிடுச்சு பாருங்க. இனிமே அதுதான் உண்மை. நாம மாத்தி எழுதினா நாம பொய் சொன்ன மாதிரி ஆயிடும்,” என்றார்.

இதற்கு மேல் இவர்களோடு பேசுவதற்கு எதுவும் இல்லை என்று ஜெயகௌரிக்குத் தெரிந்துவிட்டது. அங்கே கோட் போட்டு ஒரு கூட்டம், இங்கே கோட் போட்டு ஒரு கூட்டம். ஒருவனுக்கொருவன் நன்றி சொல்லிக்கொண்டு நடுவில் ஒரு பிள்ளையைக் காணாமல் ஆக்கிவிட்டார்கள். அவளுக்கு இந்த மனிதர்களைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. நேராக அந்த ஸ்டாண்டில் இருந்த போனுக்கு முன்னால் போய் நின்றாள்.

“நான் துளசியின்ர பெரியம்மா,” என்றாள். “பிள்ளைக்கு இடம் கிடைக்கேல்லை. மந்திரி சொன்னது பொய். இவை போட்ட போஸ்டரும் பொய். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கேல்லை.”

லட்டோடு ஒரு கை அந்தரத்தில் நின்றது. ஜெயகௌரி போனின் திரையைப் பார்த்தபடி நின்றாள், யாராவது ஒருவர், என்ன நடந்தது என்று கேட்டு எழுதுவார் என்று. கீழே வரிகள் வந்தபடியே இருந்தன. வாழ்த்துக்கள். கும்பிட்ட கைகள். தமிழன்டா. வாழ்த்துக்கள் அண்ணை. அருமையான சேவை. பெரியம்மாவுக்கும் வாழ்த்துக்கள். சத்தத்தை அணைத்து வைத்துவிட்டு வாழ்த்துகிற சனம் அது. யோகலிங்கம் பக்கத்தில் வந்து, அவளுக்குக் கொஞ்சம் உணர்ச்சி கூடிவிட்டது, ஆனந்தம்தான், என்று கமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவளை நகர்த்தினார்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கீழே, வீட்டுப் படங்கள் ஒட்டிய கண்ணாடிக்கு முன்னால் நின்று தங்கையை அழைத்தாள். டப்ளினில் தெருச்சத்தம் கேட்டது, மழை போலவும் கேட்டது. மாடத்தில் எழும்பி நின்று இல்லையென்று கத்தப் பார்த்தேன், ஒரு காவலாளி வந்து இருத்திவிட்டான், பிறகு வெளியில் எம்.பி. கையைக் குலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு போனார் என்று பிறேமினி சொன்னாள். அவள் அழவில்லை. அதுதான் ஜெயகௌரிக்குப் பயமாக இருந்தது.

“துளசி எங்கை?” என்று கேட்டாள்.

“பக்கத்திலதான் நிக்கிறாள். சந்தோசமா நிக்கிறாள்.” என்றாள் பிறேமினி. “வாசல்ல பையைத் திருப்பித் தந்திட்டாங்கள் அக்கா. இண்டைக்குக் கிடைச்சது அதுதான்.”