ஹெட்லைட் பொட்டு

எங்கள் லாரிக்கு மறுபடியும் பல்பு மாற்ற வேண்டும் என்று என் வீட்டுக்காரர் வீரணன் சொன்னபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. ராஜபாளையத்து நூல் மில்லில் ஷிப்டு முடித்து வந்து சுவரில் சாய்ந்தவளுக்குக் கோபப்படவும் தெம்பு வேண்டும் அல்லவா? இந்த வருஷம் அந்த லாரிக்கு மாற்றிய பல்புகளை வைத்து ஒரு கல்யாண வீட்டுக்கே விளக்குப் போட்டிருக்கலாம். வண்டியோடு வந்த பல்பு மங்கல் என்று கழற்றினார். கூடுதல் வெளிச்சம் தருகிற பல்பு போட்டார். ஒயர் சூடாகிறது என்று அதற்குத் தனியாக ரிலே வைத்தார். அப்படியும் தினம் ஒரே பாட்டுதான்.

“ரோடே தெரிய மாட்டேங்குதுட்டி. என்ன பல்பு செய்தானுவளோ.”

கடைசியில் பழி என் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை காலையில் லாரியைக் கழுவி, இரண்டு ஹெட்லைட் கண்ணாடியிலும் சந்தனத்தை வட்டமாக வைத்து, நடுவில் குங்குமம் இடுவது என் வேலை. சொந்தமாக வண்டி வைத்துப் பிழைக்கிற வீட்டில் அதையாவது செய்ய வேண்டாமா? அதைத்தான் ஒருநாள் பிடித்துக்கொண்டார்.

“நீ இப்பிடி அப்பி வச்சா வெளிச்சம் எப்பிடி வெளிய வரும்? பொட்டா அது, வரட்டியா?”

எனக்கும் நாக்கு இருக்கிறது. ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளியிலிருந்து கண்ணாடியில் பொட்டு வைப்பதை விட்டுவிட்டேன். பம்பரில், நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில், சின்னதாக ஒன்று வைப்பதோடு சரி. அதை அவரிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் ஜெயித்துவிட்டதாக மீசையைத் தடவிக்கொள்வார். அவராகப் பார்த்து, “ஏன் வைக்கல?” என்று கேட்கட்டும் என்று வீம்பாக இருந்தேன். மாதம் ஒன்றாகியும் கேட்கவில்லை. மனுஷனுக்கு என்மேல் இன்னும் கோபம் தணியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றும் வெள்ளிக்கிழமை. எனக்கு வார லீவு. மகாராஜபுரத்தில் இருக்கிற அக்காவைப் பார்த்துவிட்டு, தேங்காய் ஏற்ற வந்த எங்கள் லாரியிலேயே திரும்பினேன். தோப்பில் காயை எண்ணி ஏற்றி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அவர் முன்னால் சரிந்து, மார்பு ஸ்டியரிங்கில் முட்டுகிற மாதிரி உட்கார்ந்து ஓட்டினார். நான் பார்த்த வீரணன் இப்படி ஓட்டுகிறவர் இல்லை. ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையில் டீ கிளாஸோடு கதை பேசிக்கொண்டு போவார்.

வத்திராயிருப்பைத் தாண்டியதும் எதிரே ஒரு பஸ் வந்தது. இவர் லைட்டைக் குறைக்கவில்லை என்று அந்த டிரைவர் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டினார். இவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வண்டியை இடதுபக்கம் ஒடித்தார். அங்கே புல்லுக்கட்டு வைத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் போய்க்கொண்டிருந்தார். எனக்கு அவர் சட்டையின் கோடுகூடத் தெரிந்தது.

“ஏங்க! சைக்கிளு! சைக்கிளு!”

நான் கத்திய பிறகுதான் பிரேக்கில் கால் போனது. பின்னால் இருந்த காய் மொத்தமும் முன்னே வந்து இடித்தது. புல்லுக்கட்டுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அந்த மனுஷர் சைக்கிளைப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

“ஏலே, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?”

 இவர் என் பக்கம் பார்க்காமலே சொன்னார்.

“லைட்டு பத்தலட்டி. ஆல்வின் புதுசா எல்இடி பல்பு வாங்கி வச்சிருக்கான். இன்னைக்கே மாத்திரணும்.”

ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிற ஆல்வின் எங்களுக்குப் பழக்கம். பழைய பல்பைக் கழற்றிப் புதியதை மாட்டினான். சுவிட்சைப் போட்டதும் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் கடைசி வரிவரை பளிச்சென்று தெரிந்தது. தெருவில் போனவர்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

“அண்ணாச்சி, இதுக்கு மேல போட்டா எதுக்க வாரவன் கல்லெடுத்து எறிவான்” என்றான் ஆல்வின்.

என் வீட்டுக்காரர் சந்தோஷப்படவில்லை. லாரிக்கு முன்னால் போய் நின்று விளக்கையே பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை உருவினார்.

“எத்தன தடவ சொன்னாலும் ஒனக்கு ஏறாதாட்டி? இன்னைக்கும் சந்தனத்தப் பூசி வச்சிருக்க. கண்ணாடி முழுக்கப் பொகையா அப்பிக் கெடக்கு பாரு.”

சொல்லிக்கொண்டே துண்டால் தேய்த்தார். கண்ணாடி காலையில் நான் கழுவிய கண்ணாடி. துடைக்க அதில் ஒன்றுமே இல்லை. ஆல்வின் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். 

“மதினி...” என்று ஆரம்பித்தவனைக் கையைக் காட்டி நிறுத்தினேன். அதை நான்தான் சொல்ல வேண்டும்.

“ஏங்க, தேய்க்காதீங்க. பொட்டு இல்ல.”

“பொறவு இது என்னதாம்?”

“நான் வைக்கவே இல்ல. நீங்க வரட்டின்னு சொன்னீயள்லா, அதுக்குப் பொறவு ஒரு வெள்ளிக்கும் வைக்கல.”

துண்டு நின்றது. ஆல்வின் போய் விளக்கை அணைத்தான். அவர் கட்டைவிரலால் கண்ணாடியை மேலிருந்து கீழே மெதுவாகத் தடவினார். விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். மறுபக்கத்து விளக்குக்கும் போய் அதே மாதிரி தடவி, மோந்து பார்த்தார். அதற்குப் பிறகு பம்பரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எதுக்க வார லைட்டெல்லாம் வெடிச்ச பஞ்சு கணக்கா விரியுது. அதுக்குள்ள ஆளு வருதானா, மாடு வருதான்னு தெரியல. பல்ப மாத்துனா சரியாயிரும்னு நெனச்சேன்.”

“யார்கிட்டயாவது சொல்லணும்லா?”

“சொன்னா? ஓட்டாதன்னு சொல்வாவ. வேற என்ன வேல தெரியும் எனக்கு?”

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அந்தப் புல்லுக்கட்டுக்காரர் வீட்டிலும் ஒருத்தி காத்திருப்பாள். இவர் வீம்புக்கு விளக்கை மாற்றினார், நான் வீம்புக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன். நடுரோட்டில் ஓர் உயிர் போயிருந்தால் யாரிடம் போய் இந்தப் பொட்டுக் கதையைச் சொல்லியிருப்போம்? கத்த வேண்டும் போல இருந்தது. அவர் உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்த்ததும் கத்த முடியவில்லை.

ஆல்வின் பக்கத்தில் வந்து குந்தினான்.

“கண்ணுல பொரையாத்தான் இருக்கும் அண்ணாச்சி. எங்க அப்பாவுக்கும் இதே கததான். ஆபரேசன் பண்ணி எடுத்துட்டு இப்ப பைக் ஓட்டுதாவ. மொதல்ல டாக்டரு பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் வண்டியத் தொடாதீய. லோடுக்கு நம்ம டிரைவரு சிவபாண்டிய வரச் சொல்லுதேன், அவன் கொண்டுபோயி எறக்கிருவான்.”

  அவர் சாவியை எடுத்து, ஆல்வின் கை நீட்டியும் அவனிடம் கொடுக்காமல், என் உள்ளங்கையில் வைத்தார். நான்தான் அதை ஆல்வினிடம் கொடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனோம். எப்போதும் முன்னால் போகிறவர், அன்று எனக்கு ஓர் அடி பின்னாலேயே வந்தார். ஒரு பஸ் வந்து நின்றது. அதன் நெற்றியில் ராஜபாளையம் என்று சிவப்பு எழுத்து பெரிதாக எரிந்தது. இந்த ரோட்டில் எந்த பஸ் எந்த நேரத்துக்கு வரும் என்று ஹாரன் சத்தத்திலேயே சொல்கிற மனுஷர் என் காதோரம் குனிந்தார். பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்டுவிடாதபடி மெல்லக் கேட்டார்.

“ஏட்டி, இது நம்மூருக்கா போவுது?”

“ஆமாங்க. ஏறுங்க.”

என் தோளைப் பிடித்துக்கொண்டு, காலால் படியைத் தடவிப் பார்த்து ஏறினார்.